அரியணையும் பலிபீடமும்: ‘கார்மேல் கன்னியரின் உரையாடல்கள்’ குறித்து

1794ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 17ஆம் நாள் மாலை, பாரீஸ் மாநகரின் கிழக்கெல்லையில் இருந்த ஒரு சதுக்கத்தில் பதினாறு பெண்கள் தலை துண்டிக்கப்பட்டு மாண்டனர். அச்சதுக்கத்துக்கு முன்னாளில் ‘அரியணைச் சதுக்கம்’ என்று பெயர். முடியாட்சி வீழ்ந்த பிறகு அதனைக் ‘கவிழ்ந்த அரியணைச் சதுக்கம்’ என்று அழைக்கலாயினர். மாண்டவர்கள் கொம்பியேன் நகரத்துக் கார்மேல் மடத்தினர். பதினால்வர் மடத்தின் அடைப்புக்குள் வாழ்ந்த துறவியர்; இருவர் மடத்தின் வெளிவேலைகளைக் கவனித்து வந்த உடன்பிறந்த சகோதரிகள். மூத்த இருவருக்கு வயது 78. இளையவருக்கு முப்பது நிறையவில்லை. பாடிக்கொண்டே வந்தனர், பாடிக்கொண்டே படியேறினர். அதன் பின் பத்தே நாள்களில் ரோபெஸ்பியர் வீழ்ந்தார். பதினோராம் நாள் அவரும் அதே தண்டனைக்கு ஆளானார்.

இந்நிகழ்ச்சி இலக்கியமாக மலர்ந்த வரலாறு சுவையானது. 1926இல் கத்தோலிக்கத் திருச்சபையில் இணைந்த ஜெர்மானிய எழுத்தாளர் கெர்ட்ரூட் ஃபான் லெ ஃபோர்ட், 1931இல் ‘கொலைமேடையில் இறுதியானவள்’ என்னும் குறுநாவலை வெளியிட்டார். அதனைத் திரைப்படமாக்க விரும்பிய தொமினிக்கன் சபைத் துறவி புருக்பெர்ஜே, அதற்கு உரையாடல் எழுதித் தருமாறு ஜார்ஜ் பெர்னானோசை வேண்டினார். ‘ஒரு நாட்டுப்புறப் பங்குத்தந்தையின் நாட்குறிப்பு’ என்னும் நாவலால் உலகறிந்த பெர்னானோஸ் அப்போது துனீசியாவில் வாழ்ந்துவந்தார். சாவு தம்மை நெருங்கிக்கொண்டிருந்த மாதங்களில் அவர் அப்பணியை முடித்தார். 1948 ஜூலை 5 அன்று இறந்தார். அவர் விட்டுச்சென்ற கையெழுத்துப்படி 1949இல் ‘கார்மேல் கன்னியரின் உரையாடல்கள்’ என்ற பெயரில் நூலாயிற்று, பின்னர் மேடையேறியது. அதனையே பிரான்சிஸ் பூலாங்க் இசைநாடகமாக்கினார். 1957 ஜனவரியில் மிலான் நகரின் லா ஸ்காலா அரங்கில் அது முதன்முதல் நிகழ்த்தப்பெற்றது.

ஒரு மறைசாட்சியத்தைப் பற்றிய இலக்கியத்தை மதிப்பிடும்போது, ‘உள்ளத்தை உருக்குகிறதா?’ என்று மட்டும் கேட்பது போதாது. ‘உண்மையை உரைக்கிறதா?’ என்றும் கேட்க வேண்டும். இப்பதினாறு பேரும் எதற்காக மாண்டனர்? கவிழ்ந்த அரியணைக்காகவா, கவிழாத பலிபீடத்துக்காகவா? இவ்வினாவுக்குப் பெர்னானோசின் நாடகம் தரும் விடை யாது? அவ்விடையில் நிறைவு எவ்வளவு, குறை எவ்வளவு? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் வரலாற்றைச் சற்று நினைவுகூர வேண்டும். குருமடத்தில் நாங்கள் திருச்சபை வரலாறு படித்தபோது, பிரெஞ்சுப் புரட்சி ‘கலாபனை’ என்ற தலைப்பின்கீழ் வந்தது. மடங்கள் மூடப்பட்டதையும் குருக்கள் கொல்லப்பட்டதையும் கருத்தாய்ப் படித்தோம். புரட்சியின் வாயிற்கதவைத் திறந்தவர்களுள் பங்குக் குருக்களும் இருந்தனர் என்பது எங்கள் குறிப்பேட்டில் ஏறவில்லை.

1789 மே 5 அன்று வெர்சாய் நகரில் மூன்று நிலையினரின் பேரவை கூடிற்று. குருக்கள் முதல் நிலை. பிரபுக்கள் இரண்டாம் நிலை. எஞ்சிய மக்கள் அனைவரும் மூன்றாம் நிலை. முதல் நிலையின் பிரதிநிதிகளுள் பெரும்பாலோர் ஆயர்கள் அல்லர், பங்குக் குருக்களே. அவர்களுடைய வாழ்வு எத்தகையது? உழவர் செலுத்திய தசமபாகம் பல ஊர்களில் மடங்களுக்கும் பேராலயக் குழுக்களுக்கும் சென்றது. மக்களோடு வாழ்ந்து, திருப்பலி நிறைவேற்றி, நோயுற்றோரைச் சந்தித்து, இறந்தோரை அடக்கம் செய்த குருவுக்கு அதிலிருந்து ஒரு சிறு தொகை அளக்கப்பட்டது. 1786இல் அத்தொகை ஆண்டுக்கு 700 லிவர் என உயர்த்தப்பட்டது. ஆயர்கள் பலரின் ஆண்டு வருவாயோ பல பத்தாயிரங்கள். ஆயர்கள் ஏறத்தாழ அனைவரும் பிரபுக் குடியினர். 1789 ஜூன் 13 அன்று புவாத்து மாநிலத்துப் பங்குக் குருக்கள் மூவர் எழுந்து சென்று மூன்றாம் நிலையினரோடு அமர்ந்தனர். மறுநாள்களில் மேலும் பலர் அவர்களைப் பின்தொடர்ந்தனர். ஜூன் 17 அன்று அந்த அவையே தேசிய மன்றம் எனத் தன்னை அறிவித்துக்கொண்டது. பழைய ஆட்சிமுறையின் சுவரில் விழுந்த முதல் விரிசல்களுள் ஒன்று குருக்களின் காலடி ஓசையில் விழுந்தது என்பதை மறைப்பதற்கு நமக்கு உரிமையில்லை.

ஆனால் விடியல் நெடுநாள் நீடிக்கவில்லை. 1789 நவம்பர் 2 அன்று திருச்சபையின் உடைமைகள் நாட்டின் கையில் ஒப்படைக்கப்பட்டன. அதனை முன்மொழிந்தவர் ஓர் ஆயர், தாலேராண். 1790 பிப்ரவரி 13 அன்று துறவற வார்த்தைப்பாடுகளைச் சட்டம் ஏற்காது என்று மன்றம் முடிவு செய்தது. அவ்வாண்டு ஜூலை 12 அன்று நிறைவேறிய சட்டம், ஆயர்களையும் பங்குக் குருக்களையும் வாக்காளர்கள் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றது. பின்னர் அதற்குக் குருக்கள் உறுதிமொழி கூற வேண்டுமெனவும் கட்டளை பிறந்தது. பங்குக் குருக்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் உறுதிமொழி எடுத்தனர், மறுபாதியினர் மறுத்தனர். 1791இல் திருத்தந்தை ஆறாம் பத்திநாதர் அச்சட்டத்தைக் கண்டனம் செய்தார். ஒரே விசுவாசத்தில் வளர்ந்த மக்கள் இரு பலிபீடங்களின்முன் பிரிந்து நின்றனர்.

இங்கேதான் அரியணையின் கதையும் பலிபீடத்தின் கதையும் பிரிக்க முடியாதபடி பின்னிக்கொண்டன. மனச்சான்று உறுத்த அச்சட்டத்துக்கு இசைவு தந்த பதினாறாம் லூயி மன்னர், 1792இல் உறுதிமொழி மறுத்த குருக்களை நாடுகடத்தும் ஆணைக்கு இசைவு தர மறுத்தார். அம்மறுப்பும் மக்களின் சினத்துக்கு ஒரு காரணமாயிற்று. போர் மூண்டிருந்த காலம். பகைவரோடு மன்னர் உறவாடுகிறார் என்ற ஐயம் எங்கும் பரவியிருந்தது. ஆகஸ்டு 10 அன்று துயிலெரி அரண்மனை தாக்கப்பட்டது. செப்டம்பர் தொடக்கத்தில் சிறைகளில் நடந்த படுகொலையில் இருநூறுக்கும் மேற்பட்ட குருக்கள் மடிந்தனர். செப்டம்பர் 14, திருச்சிலுவை மகிமை விழாவன்று, கொம்பியேன் கார்மேல் கன்னியர் மடத்தை விட்டு வெளியேற்றப்பட்டனர். ஒரு வாரம் கழித்து, செப்டம்பர் 21 அன்று, முடியாட்சி ஒழிக்கப்பட்டது. அத்தீர்மானத்துக்காக முழங்கியவர்களுள் ஒருவர் முன்பு எம்பெர்மெனில் என்ற சிற்றூரின் பங்குக் குருவாக இருந்த கிரெகுவார். 1793 ஜனவரி 21 அன்று மன்னர் கொல்லப்பட்டார். ஐந்து மாதம் கழித்துத் திருத்தந்தை ஆறாம் பத்திநாதர் கர்தினால்மார் முன்னிலையில் ஆற்றிய உரையில் அவரை மறைசாட்சி எனக் கருதத் தயங்கவில்லை.

இந்தப் பின்னலை மனத்திற்கொண்டே நாடகத்தை அணுக வேண்டும். கதைத்தலைவி பிளான்ஷ் தெ லா ஃபோர்ஸ் வரலாற்றில் இல்லாதவள். லெ ஃபோர்ட் அம்மையார் தம் குடும்பப் பெயரின் சாயலிலேயே அவளுக்குப் பெயரிட்டார். அவள் பிறப்பு அச்சத்தில் நிகழ்கிறது. 1770 மே 30 அன்று, பின்னாளில் பதினாறாம் லூயியாக முடிசூடிய இளவரசரின் திருமணத்தை முன்னிட்டுப் பாரீசில் வாணவேடிக்கை நடந்தது. அதில் ஏற்பட்ட நெரிசலில் நூற்றுக்கு மேற்பட்டோர் மிதிபட்டு இறந்தனர். இது வரலாற்று நிகழ்ச்சி. அக்கூட்டத்தில் அகப்பட்ட ஒரு பிரபுவின் மனைவி, நடுக்கம் தீராமலே மகளைப் பெற்றுவிட்டு இறக்கிறாள். அம்மகளே பிளான்ஷ். நெரிசல் நேர்ந்த இடம் பதினைந்தாம் லூயியின் பெயர் தாங்கிய சதுக்கம். இருபத்து மூன்று ஆண்டுகள் கழித்து, மணமகனாகக் கொண்டாடப்பட்ட அதே மன்னர் அதே சதுக்கத்தில்தான் தலை இழந்தார். அரசவிழாவில் மக்கள் மிதிபடுவதிலிருந்து கதையைத் தொடங்கியது ஆழ்ந்த பொருளுடையது. புரட்சிக்கு முன்பே அச்சம் பிறந்துவிட்டது. அது அரியணையின் காலடியிலேயே பிறந்தது.

பிளான்ஷ் அச்சத்திலிருந்து தப்பவே கார்மேல் மடத்தை நாடுகிறாள். மடத்தில் தனக்குக் ‘கிறிஸ்துவின் வேதனை’ என்ற பெயரை வேண்டுகிறாள். அதனைக் கேட்ட முதிய தலைவி அன்னை க்ருவாசி திகைக்கிறார். தம் இளமையில் அவரும் அப்பெயரையே விரும்பியிருந்தார். பெர்னானோஸ் தம் நாடகத்தின் நடுத்தூணாக நிறுத்துவது துணிவை அன்று, அச்சத்தையே. மறைசாட்சியர் வரலாறுகளைப் படித்துப் பழகிய நமக்கு இது புதுமை. நம் வரலாறுகளில் மறைசாட்சிகள் சிரித்துக்கொண்டே சாகிறார்கள். இந்நாடகத்தில் முப்பதாண்டு தவவாழ்வு வாழ்ந்த தலைவி, கொலைமேடையில் அன்று, தம் படுக்கையிலேயே நடுங்கி, புலம்பி, இறைவன் தம்மைக் கைவிட்டாரோ எனக் கதறி இறக்கிறார்.

இக்காட்சியைச் சில விமர்சகர்கள் மிகைப்படுத்தல் என்பர். பங்குப் பணியில் கழிந்த ஆண்டுகளில் எத்தனையோ மரணப் படுக்கைகளின் அருகே நின்றிருக்கிறேன். நோயில்பூசுதல் அளிக்கச் சென்ற இல்லங்களில், பெயரளவில் விசுவாசியாக வாழ்ந்தவர் குழந்தைபோல் அமைதியாய்க் கண்மூடியதைக் கண்டிருக்கிறேன். நாளும் திருப்பலி கண்ட, செபமாலையைக் கைவிடாத முதியவர் என் கையை இறுகப் பற்றிக்கொண்டு ‘பயமாயிருக்கிறது சாமி’ என்று அழுததையும் கண்டிருக்கிறேன். அப்போதெல்லாம் எனக்கு விடை கிடைத்ததில்லை. பெர்னானோஸ் ஒரு விடையைத் துணிந்து கூறுகிறார். தலைவியின் சாவைக் கண்டு குழம்பிய மடத்தில், இளம் நவதுறவி கோன்ஸ்தான்ஸ் வெள்ளையுள்ளத்தோடு ஒரு கருத்தைச் சொல்கிறார்: அது அவருக்குரிய சாவாக இருந்திராது, ஆடைகளைப் பாதுகாக்கும் இடத்தில் ஒருவர் மேலாடை மற்றொருவருக்கு மாறிப்போவதுபோல், வேறொருவரின் கடுஞ்சாவு இவருக்கு வந்துவிட்டது, ஆகவே அவ்வேறொருவர் தம் சாவு இத்துணை எளிதாக இருப்பதைக் கண்டு ஒருநாள் வியப்பார் என்கிறார்.

விளையாட்டுப்போல் சொல்லப்படும் இக்கருத்து, ‘புனிதர்களின் சமூக உறவை நம்புகிறேன்’ என்று நாம் ஞாயிறுதோறும் ஓதும் விசுவாச அறிக்கையின் விளக்கமேயன்றி வேறன்று. ஒருவர் துன்பம் மற்றவருக்குப் பயனாகும் என்றால், ஒருவரின் அச்சம் மற்றவரின் துணிவாகவும் மாறலாம். நாடகத்தின் இறுதியில் ஓடி ஒளிந்திருந்த பிளான்ஷ், கூட்டத்தின் நடுவிலிருந்து அச்சம் நீங்கிய முகத்தோடு பாடிக்கொண்டு முன்வருகிறாள். வாசகர் உள்ளத்தில் தலைவியின் மரணப்படுக்கை அப்போது மீண்டும் எழுகிறது. இரு காட்சிகளையும் இணைத்துப் படிப்பவருக்கே நாடகம் முழுமையாகத் திறக்கும்.

இவ்விடத்தில் ஒரு வரலாற்று முரணைச் சுட்ட வேண்டும். உண்மையான அன்னை க்ருவாசி படுக்கையில் இறக்கவில்லை. முன்னாள் தலைவியான அவரும் பதினாறு பேருள் ஒருவராகக் கொலைமேடை ஏறினார். இதனினும் பெரிய மாற்றம் ஒன்று உண்டு. நாடகத்தில் மறைசாட்சிய நேர்ச்சையை முன்மொழிபவர் உயர்குடிப் பிறந்த அன்னை மரி. எளிய குடியிற் பிறந்த புதிய தலைவி லிதுவான் இல்லாத வேளையில் அவர் அதனைச் செய்கிறார். வரலாற்றிலோ, திருச்சபைக்கும் நாட்டுக்கும் அமைதி வேண்டித் தங்களைக் காணிக்கையாக்கும் நேர்ச்சையைச் சகோதரிகளுக்கு முன்வைத்தவர் லிதுவான் அன்னையே. அவர்கள் அதனை 1792 முதல் நாள்தோறும் புதுப்பித்து வந்தனர்.

பெர்னானோஸ் ஏன் இவ்வாறு பிரித்தார்? விடை அவருடைய வாழ்க்கையில் இருக்கிறது. இளமையில் அவர் தீவிர முடியாட்சிவாதி. அரசக் கட்சியின் இளைஞர் படையில் சேர்ந்து 1909இல் சிறையும் சென்றவர். மன்னனை மீட்டால் திருச்சபையும் மீளும் என நம்பிய தலைமுறையைச் சேர்ந்தவர். அவர் சார்ந்திருந்த ‘ஆக்சியோன் பிரான்சேஸ்’ இயக்கத்தைத் திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர் 1926இல் கண்டித்தார். பெர்னானோஸ் பின்னர் அதன் தலைவர் மொராசோடு உறவை முறித்துக்கொண்டார். ஸ்பானிய உள்நாட்டுப் போர் மூண்டபோது மயோர்க்கா தீவில் வாழ்ந்த அவர், திருச்சபையைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டவர்கள் ஏழை எளியவரைச் சுட்டுக்கொன்றதைக் கண்டு கொதித்து, 1938இல் ‘நிலவொளியில் பெருங்கல்லறைகள்’ என்ற கண்டன நூலை எழுதினார். பலிபீடத்தைக் காக்க வாளெடுத்தவர்கள் அப்பலிபீடத்தையே குருதியால் தீட்டுப்படுத்துவதைக் கண்ட கண்கள் அவை.

ஆகவேதான் அன்னை மரி வழியாக ‘மானம்’ என்னும் உயர்குடிப் பண்பை நாடகம் சோதிக்கிறது. மறைசாட்சிய முடியை ஆர்வத்தோடு நாடுபவர் மரி. ஆனால் அவரே அதனைப் பெறாமல் உயிர்வாழ்கிறார். வரலாற்றிலும் இச்சகோதரி அந்நாளில் பாரீசில் இருந்ததால் தப்பினார், 1836இல் இறந்தார், அவர் எழுதிவைத்த குறிப்புகளாலேயே இவ்வரலாறு நமக்குக் கிடைத்தது. நாடகத்தின் லிதுவான் அன்னையோ மறைசாட்சியத்தைத் தேடிப் போகக்கூடாது என்பவர். செபிப்பதே தங்கள் கடமை, மறைசாட்சியம் இறைவன் தந்தால் வரும் கைம்மாறு என்பவர். தாம் விரும்பாத நேர்ச்சையின் சுமையை ஏற்று மகளிரோடு சாகிறார். துணிவைத் தம் உடைமையாகக் கருதியவர் அதனை இழக்க, அச்சத்தை இறைவனிடம் ஒப்படைத்தவள் துணிவைப் பெறுகிறாள். முடியாட்சியின் மானத்தைப் பாடியவராக வாழ்வைத் தொடங்கிய ஒருவர், சாகும் தறுவாயில் எழுதிய தன்விசாரணை இது. இதுவே இந்நாடகத்தின் பெருஞ்சிறப்பு.

ஆயினும் குறைகளும் உண்டு. முதற்குறை, அரியணையோடு கன்னியருக்கு இருந்த உண்மையான உறவைப் பெர்னானோஸ் மிக எளிதாகக் கடந்துவிடுகிறார். லிதுவான் அன்னைக்கு மடத்தில் சேர வரதட்சணைப் பணம் இல்லை. பதினைந்தாம் லூயி மன்னரின் மகளும் கார்மேல் துறவியுமான லூயீஸ் அம்மையார் பரிந்துரைக்க, அன்று இளவரசியாக இருந்த மரி அந்துவானெத் அதனைக் கொடுத்துதவினார். கைது செய்ய வந்தோர் கன்னியரின் உறைவிடங்களில் கண்டெடுத்தவற்றுள் மன்னரின் படமும், இயேசுவின் திரு இருதயத்துக்கான பாடலும் இருந்தன. நன்றியுணர்வும் விசுவாசமும் ஒரே பேழையில் கிடந்தன. மேலும், 1792இல் அவர்கள் ‘விடுதலை, சமத்துவம்’ காப்பதாக உறுதிமொழி ஒன்றில் கையொப்பமிட்டனர். சாகுமுன் அதனைத் திரும்பப் பெற்றனர். இத்தயக்கமும் மனமாற்றமும் அவர்களை நமக்கு இன்னும் நெருக்கமாக்கியிருக்கும்.

இரண்டாவது குறை இன்னும் பெரிது. புரட்சியின் மக்களுக்கு இந்நாடகத்தில் முகமில்லை. அவர்கள் தெருக்கூச்சலாகவும், கதவைத் தட்டும் ஆணையர்களாகவும் மட்டுமே வருகிறார்கள். அவ்வாணையர்களுள் மனிதத்தன்மையோடு காட்டப்படும் ஒருவன், உள்ளூரப் புரட்சியை ஏற்காமல் ஓநாய்களின் நடுவே ஓநாய்போல் ஊளையிடுபவன். புரட்சியை நம்பிய நல்லவன் ஒருவன்கூட இருந்திருக்க மாட்டானா? உப்புக்கு வரி செலுத்தி, தசமபாகம் அளந்து, ரொட்டி விலை ஏறியபோது பட்டினி கிடந்த குடியானவனின் குரல் மடத்துச் சுவருக்குள் கேட்கவே இல்லை. 700 லிவர் வாங்கிக்கொண்டு மூன்றாம் நிலையினரோடு போய் அமர்ந்த குருவும் இதில் இல்லை. இருந்திருந்தால், கன்னியரின் காணிக்கை யாருக்காக ஒப்புக்கொடுக்கப்பட்டது என்பது இன்னும் தெளிவாகியிருக்கும். தங்களைக் கொன்ற நாட்டின் அமைதிக்காகவுமன்றோ அவர்கள் மன்றாடினார்கள்!

வரலாறே இதற்கு அழகிய சான்று வைத்திருக்கிறது. பாரீஸ் சிறையில், கார்மேல் அன்னையின் விழாவையொட்டி, கன்னியருள் ஒருவர் மகிழ்ச்சிப் பாடல் ஒன்றை இயற்றினார். எழுதக் கருவி இல்லாமையால் கரித்துண்டால் எழுதினார். அப்பாடலுக்கு அவர் எடுத்துக்கொண்ட மெட்டு எது தெரியுமா? புரட்சிப் படைகளின் ‘மார்செய்யேஸ்’ பாடலின் மெட்டு! தங்களைச் சாகடிக்க இருந்தவர்களின் பண்ணையே புகழ்ப்பாவாக்கிய இந்நிகழ்ச்சிக்கு நாடகத்தில் உரிய இடம் கிடைக்காமற்போனது பேரிழப்பு.

மற்றொரு சான்று பிக்புஸ் கல்லறைத் தோட்டம். 1794 ஜூன் 14 முதல் ஜூலை 27 வரை அச்சதுக்கத்தில் கொல்லப்பட்ட 1,306 பேர் அங்கே இரு பெருங்குழிகளில் புதைக்கப்பட்டனர். அவர்களுள் பிரபுக்களும் துறவியரும் உண்டு. ஆனால் 579 ஆண்களும் 123 பெண்களும் சாதாரணக் குடிமக்கள். மொத்தத்தில் பாதிக்கும் மேல். மக்களின் பெயரால் எழுந்த ஆட்சி மக்களையே மிகுதியாக விழுங்கியது. கன்னியர் அவ்வெளிய மக்களோடு ஒரே குழியில் கலந்து கிடக்கிறார்கள். அவர்களைப் பிரித்தெடுத்து முடியாட்சியின் கொடியில் போர்த்த எவராலும் இயலாது.

எனினும் அம்முயற்சி நடவாமலில்லை. கன்னியர் 1906 மே 27 அன்று திருத்தந்தை பத்தாம் பத்திநாதரால் அருளாளர் நிலைக்கு உயர்த்தப்பட்டனர். அதற்கு ஐந்து மாதங்கள் முன்புதான் பிரான்சில் அரசையும் திருச்சபையையும் பிரிக்கும் சட்டம் நிறைவேறியிருந்தது. குடியரசின்மேல் எறியும் கல்லாக இவர்கள் பெயரை அந்நாளில் பலர் கையிலெடுத்தனர். நானும் குற்றமற்றவன் அல்லேன். குருப்பட்டம் பெற்ற தொடக்க ஆண்டுகளில் இவர்கள் கதையை மறையுரையில் சொல்லும்போதெல்லாம், கடவுளை மறுப்பவர் ஆட்சிக்கு வந்தால் இதுவே நேரும் என எச்சரித்து முடிப்பேன். மக்கள் முகத்தில் சினம் எழக் கண்டு, மறையுரை வென்றதென மகிழ்ந்து இறங்குவேன். மறைசாட்சிகளின் கதையைக் கேட்டு மக்கள் மன்னிப்பைக் கற்காமல் சினத்தைக் கற்றுச் சென்றார்கள் என்றால், அது யார் பிழை? இந்நாடகத்தைப் படித்த பிறகு அவ்வாறு முடிக்க என் நா எழவில்லை.

திருச்சபையின் தீர்ப்பை இங்கே எண்ணிப்பார்ப்பது நலம். பதினாறாம் லூயி மன்னரைப் புனிதராக்கும் விருப்பம் அவர் மரபினரிடையே இருந்தது. ஆனால் அவர் அரசியல் காரணத்துக்காகவன்றி விசுவாசத்துக்காகவே கொல்லப்பட்டார் என்று நிறுவ இயலாது என 1820இல் உரோமைத் திருச்சடங்குப் பேராயம் கருதியது. ஒரு திருத்தந்தையே மறைசாட்சி என்று புகழ்ந்தும், மன்னர் பீடமேறவில்லை. கன்னியரோ 2024 டிசம்பர் 18 அன்று, நெடுங்கால வணக்கத்தின் அடிப்படையில், திருத்தந்தை பிரான்சிசால் புனிதர்களாக அறிவிக்கப்பட்டனர். அரியணையும் பலிபீடமும் ஒன்றெனக் கருதிய காலத்தின் முடிச்சைத் திருச்சபை இருநூறு ஆண்டுகள் பொறுமையாய் இருந்து அவிழ்த்திருக்கிறது. விசாரணை மன்றத்தில் கன்னியர்மேல் அரச விசுவாசக் குற்றம் சுமத்தப்பட்டது. அப்போது அவர்களுள் ஒருவர், தங்களை ‘வெறியர்’ என்று குறிப்பிட்டதன் பொருளென்ன என்று துணிந்து கேட்டார். அவர்களுடைய சமயப் பற்றையே அது குறிக்கிறது என்ற விடை வந்ததும், தாங்கள் விசுவாசத்துக்காகவே சாகிறோம் என்று தோழியரிடம் மகிழ்ந்து கூறினார் என்பர். முடிச்சை முதலில் அவிழ்த்தவர் அவரே.

பூலாங்கின் இசைநாடகத்தில் இறுதிக் காட்சி குறிப்பிடத்தக்கது. கன்னியர் ‘கிருபைதயாபத்துக்கு மாதாவாயிருக்கிற இராக்கினியே’ என்னும் மன்றாட்டை இலத்தீனில் ஒருமித்துப் பாடுகின்றனர். கத்தி விழும் ஓசை கேட்குந்தோறும் ஒரு குரல் குறைகிறது. கடைசியில் ஒரே குரல், பின்பு மௌனம். வரலாற்றில் முதலில் ஏறியவர் கோன்ஸ்தான்ஸ். சட்டத்தால் வார்த்தைப்பாடு மறுக்கப்பட்டு ஆண்டுக்கணக்கில் நவதுறவியாகவே காத்திருந்தவர். ஒவ்வொருவரும் தலைவியின்முன் முழந்தாளிட்டுச் சாக அனுமதி கேட்டனர். தலைவி இறுதியில் ஏறினார். அரசிக்குக் கடன்பட்ட அவ்வன்னை, அரசனுக்காக அன்றி, தம் கீழ்ப்படிதலின் அரசருக்காக உயிர் தந்தார்.

இறுதியாக ஒரு சிறு செய்தி. கொம்பியேன் சிறையில் கார்மேல் கன்னியரோடு, காம்பிரே நகரிலிருந்து பிடித்துவரப்பட்ட ஆங்கிலேய பெனடிக்டன் கன்னியரும் அடைபட்டிருந்தனர். பாரீசுக்குப் புறப்படும் ஆணை வந்தபோது கார்மேல் கன்னியரின் சாதாரண உடைகள் துவைக்க நனைத்துப் போடப்பட்டிருந்தன. எனவே தங்கள் பழைய துறவற உடையிலேயே அவர்கள் சாகச் சென்றனர். விட்டுச்சென்ற உடைகளைப் பெனடிக்டன் கன்னியர் பெற்றுக்கொண்டனர். 1795இல் விடுதலையானபோது அவற்றையே அணிந்து இங்கிலாந்து திரும்பினர். ஒருவர் சாவு மற்றவருக்கு மேலாடைபோல் மாறலாம் என்று நாடகத்துக் கோன்ஸ்தான்ஸ் சொன்னது கற்பனை. சாகப் போனவர்களின் ஆடையை உடுத்தி வாழப் போனவர்கள் வீடு சேர்ந்தது வரலாறு.

நாம் இன்று துணிவாய்ச் செபிக்கிறோம் என்றால், அத்துணிவு யாருடைய அச்சத்தின் விலையில் நமக்குக் கிடைத்ததோ? மரணப் படுக்கையில் நடுங்கும் முதியவரின் கையைப் பற்றி நிற்கும்போது, அந்நடுக்கம் யாருக்கு அமைதியாகப் போய்ச்சேருமோ? அடுத்த முறை ‘பயமாயிருக்கிறது சாமி’ என்ற சொல் காதில் விழும்போது, அறிவுரை ஏதும் கூறாமல், அக்கையை இன்னும் சற்று நேரம் பற்றிக்கொண்டிருக்க இந்நாடகம் எனக்குக் கற்றுத்தந்திருக்கிறது.